முகங்கழுவிய பின் ஒரு நீர்



மாத்தளைக் கடைத்தெருவில் அழகுசாதனப் பொருள்கள் விற்கும் கடை எதனுள் நுழைந்தாலும், சவர்க்காரத்துக்கும் களிம்புக்கும் நடுவே தெளிந்த நீர் நிறைந்த சிறு போத்தல்கள் சில இருக்கக் காணலாம். 'டோனர்' என்பது அவற்றின் பெயர். முகங்கழுவிய பின்னர், களிம்பு பூசுவதற்கு முன்னர், இடையிலே தடவப்படும் நீர்மம் அது. அதனால் முகம் வெளுக்கும் என்பார் ஒருவர். மயிர்த்துளைகள் மூடிக்கொள்ளும் என்பார் மற்றொருவர். இவ்விரண்டும் உண்மையல்ல. எனது துறை கலைத்துறை; எனினும் நாள்தோறும் மாணவியர் பலரின் முகங்களைக் காணும் கடமை எனக்குண்டு. அவர்தம் பெற்றோர் அரும்பாடுபட்டு ஈட்டும் பணம் இப்போத்தல்களுக்குச் செல்வதால், இதன் பயன் யாது, பயனின்மை யாது என்பதை ஆராய்ந்தறிதல் நன்று.

முதலில் தோலின் இயல்பை நோக்குவோம். நம் தோலின் மேற்பரப்பு சிறிதளவு அமிலத்தன்மை உடையது. இதனை 1928ஆம் ஆண்டிலே சேட், மார்க்கியோனினி என்னும் ஜெர்மானிய ஆய்வாளர் இருவர் 'அமிலப் போர்வை' எனப் பெயரிட்டு விளக்கினர். அமிலத்தையும் காரத்தையும் அளக்கும் பீ.எச். அளவுகோலில் 7 என்பது நடுநிலை. அதற்குக் கீழ்ப்பட்டவை அமிலம், மேற்பட்டவை காரம். நலமுள்ள தோலின் பெறுமானம் பெரும்பாலும் ஐந்தை ஒட்டி நிற்கும். இவ்வமிலத்தன்மை தீய கிருமிகள் பெருகாமல் தடுப்பதோடு, தோலின் ஈரம் வெளியேறாது காக்கும் மேலடுக்கு கட்டுக்குலையாமல் இருக்கவும் துணைசெய்கின்றது.

சவர்க்காரமோ காரப்பொருள். அதன் பெறுமானம் 9 முதல் 10 வரை இருக்கும். அளவுகோலில் ஒரு படி என்பது பத்து மடங்கு வேறுபாடு என்பதை நினைவிற்கொண்டால், சவர்க்காரம் தோலின் இயல்பிலிருந்து எவ்வளவு தொலைவிலுள்ளது என்பது புலனாகும். முகம் கழுவிய பின் சிலருக்குத் தோல் இழுத்துப் பிடிப்பதுபோல் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். நலமுள்ள தோல் சில மணி நேரத்துள் தன் அமிலத்தன்மையைத் தானே மீட்டுக்கொள்ளும். அடிக்கடி கழுவுவோருக்கும் வறண்ட தோலுடையோருக்கும் அம்மீட்சி தாமதமாகும்.

இதனோடு நீரின் தன்மையும் சேர்கின்றது. நம் மாவட்டத்தின் வடபால் தம்புள்ளை, கலேவெல முதலிய வரண்ட பகுதிகளிலே கிணற்று நீர் பல இடங்களில் வன்னீராகும். அதிற் கரைந்துள்ள கல்சியமும் மக்னீசியமும் சவர்க்காரத்தோடு கூடி, நீரிற் கரையாத வெண்படிவாகின்றன. வாளியின் விளிம்பிலே படியும் அவ்வெண்மையே, மெல்லிய படலமாக முகத்திலும் தங்கிவிடுகின்றது.

டோனர் தோன்றிய காரணம் இப்போது விளங்கும். எஞ்சிய சவர்க்காரப் படலத்தைத் துடைத்தெடுத்தலும், தோலை அதன் அமில நிலைக்கு மீட்டலுமே அதன் பழைய பணி. மேல்நாட்டு மகளிர் எண்ணெய்ப்பசையுள்ள குளிர்களிம்பினால் முகத்தைத் துப்புரவு செய்துவந்த காலத்தில், அப்பசையை அகற்றவும் இத்தகைய நீர்மங்களைப் பயன்படுத்தினர். நம் முன்னோர் பயற்றமாவும் அரப்பும் தேய்த்து நீராடினர். பயற்றமா சவர்க்காரத்தைப் போன்ற காரப்பொருளன்று. ஆதலின் அதன் பின்னர் வேறொரு நீர்மத்தின் தேவை எழவில்லை. மணப்பந்தலிலே நாம் தெளிக்கும் பன்னீரும் முகத்துக்கு இதமளிக்கும் நீரே. ஆயினும் அது நறுமணத்துக்கென வந்தது.

இன்று விற்பனையாகும் டோனர்கள் எல்லாம் ஒரே தன்மையன அல்ல. மதுசாரம் மிகுந்தவை ஒரு வகை. அவை பூசியவுடன் குளிர்ச்சியும் இறுக்கமும் தரும். துளைகள் மூடிக்கொண்டன என்ற மயக்கத்தை உண்டாக்குவதும் அவ்விறுக்கமே. மயிர்த்துளைகளைத் திறக்கவும் மூடவும் வல்ல தசை எதுவும் அவற்றில் இல்லை. நாளடைவில் இவ்வகை தோலை வரளச் செய்யும். கிளிசரின் போன்று ஈரத்தைப் பற்றிவைக்கும் பொருள் சேர்ந்தவை மற்றொரு வகை. வறண்ட தோலுக்கு இவை ஏற்றவை. சலிசிலிக் அமிலம் சிறிதளவு சேர்ந்தவை மூன்றாம் வகை. எண்ணெய்ப்பசையும் முகப்பருவும் உள்ளோருக்கு இவை உதவக்கூடும். எதனையும் முதலில் முன்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, இரண்டு நாள் பொறுத்துப் பார்த்து, அரிப்போ சிவப்போ இல்லையெனில் மட்டுமே முகத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

போத்தலை வாங்க வசதியில்லாத பிள்ளைகள் வீட்டிலேயே டோனர் செய்ய முற்படுவதுண்டு. இங்கேதான் பேரிடர் உள்ளது. முத்துமாரியம்மன் கோயில் மாசிமகத் தேர்த் திருவிழாவுக்கு முன் ஒரு மாணவி கன்னங்களிலே கருங்கோடுகளோடு பாடசாலைக்கு வந்தாள். யாரோ அடித்துவிட்டார்களோ என ஆசிரியர்கள் அஞ்சினர். உண்மையில் அவள் தேசிக்காய்ச் சாற்றைப் பூசிக்கொண்டு வெயிலிலே நடந்திருக்கிறாள். தேசிக்காயிலுள்ள சில பொருள்கள் சூரியனின் புறவூதாக் கதிர் பட்டவுடன் தோலைப் புண்ணாக்கும் என்று வைத்தியர் விளக்கினார். அழகுக்காகப் பூசியது அவள் முகத்திற் பல வாரம் கறையாக நின்றது. அன்றியும் அச்சாற்றின் பெறுமானம் 2 அளவிலுள்ளது. தோலுக்கு வேண்டிய மெல்லிய அமிலம் அதுவன்று.

இதனினும் கொடியவை, நிறத்தை வெளுப்பிப்பதாகக் கூறி விற்கப்படும் சில களிம்புகளும் நீர்மங்களும். அவற்றுட் சிலவற்றில் இரசம் கலந்திருப்பது உலகின் பல நாடுகளில் கண்டறியப்பட்டுள்ளது. இரசம் தோலினூடே உடலுட் புகுந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். 2013ஆம் ஆண்டில் நிறைவேறிய மினமாட்டா உடன்படிக்கை இத்தகைய பொருள்களைக் கட்டுப்படுத்தியது. 2023இல் கூடிய உறுப்பு நாடுகள், இரசம் கலந்த அழகுசாதனப் பொருள் அனைத்தையும் 2025ஆம் ஆண்டோடு ஒழிப்பதென முடிவுசெய்தன. ஆதலின் தயாரித்தவர் பெயரும் சேர்மானங்களும் அச்சிடப்படாத போத்தலைத் தொடாதிருப்பதே அறிவுடைமை.

அப்படியாயின் டோனர் வேண்டுமா? காரமற்ற மென்மையான கழுவு பொருளைப் பயன்படுத்துவோருக்கு அது இன்றியமையாததன்று. வன்னீர்ப் பகுதியில் வாழ்ந்து, சவர்க்காரத்தால் முகங்கழுவி, தோல் இறுகுவதை உணர்வோருக்கு மதுசாரமற்ற டோனர் ஓரளவு பயன்தரும். அதனைப் பூசியபின், ஈரம் உலருமுன் களிம்பைத் தடவுதல் வேண்டும். வெயிலிற் செல்வோர் வெயிற்காப்புக் களிம்பை மறத்தலாகாது.

செலவின்றியும் இப்பயனிற் பெரும்பகுதியைப் பெறலாம். நம் வரண்ட பகுதிகளில் மழைநீர்த் தாங்கியுள்ள வீடுகள் பல. மாசுபடாத மழைநீர் மென்னீர். அதன் பெறுமானம் ஏறத்தாழ 5.6. நுளம்பு புகாமல் மூடிவைத்த தாங்கியிலிருந்து ஒரு செம்பு நீரெடுத்து இறுதியில் முகத்தை அலசினால், வெண்படலம் நீங்கும். மகளுக்குப் போத்தல் வாங்கக் காசில்லையே என வருந்தும் தாய்மார் இதனை அவளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். அவளுடைய முகத்தின் நிறத்தில் திருத்தவேண்டிய குறை எதுவுமில்லை என்பதையும் சேர்த்தே சொல்லலாம்.