நமது பொருளுக்கு நாமே நோட்டீஸ் அமைப்போம்

நமது தோட்டங்களில் மரக்கறி, பால், காளான், ஊறுகாய், தைத்த உடுப்பு என்று ஏதாவது ஒன்றை விற்கும் குடும்பங்கள் பல. கொழுந்து குறைந்து வேலை நாளும் குறையும் மாதங்களில் அடுப்பு எரிவது இந்தச் சில்லறை வருமானத்தால்தான். ஆனால் பொருள் நல்லதாக இருந்தும் லயத்துக்கு வெளியே யாருக்கும் தெரிவதில்லை. அதனால் இடைத்தரகர் சொன்ன விலைக்கே கொடுத்துவிட்டு வருகிறோம்.

ஒரு துண்டுப் பிரசுரம், ஒரு விலைப்பட்டியல், பக்கற்றில் ஒரு லேபல் ஆகிய மூன்றும் இதை ஓரளவு மாற்றும். "அச்சகத்துல படிச்ச ஆளு இருக்காரு, அவரு பார்த்துக்குவாரு" என்று பலர் சொல்கிறார்கள். அச்சகத்தார் அச்சடித்துத் தருவார். நமது பொருளை யார் வாங்குவார் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? பக்கத்தை அமைக்கும் வேலையை நாமே கற்றுக்கொள்ள வேண்டும். சாதாரண தரம் வரை படித்த பிள்ளை வீட்டில் இருந்தால் போதும்.

1. முதலில் பென்சில், பிறகு கணினி

என்ன பொருள்? என்ன விலை? எங்கே கிடைக்கும்? யாரிடம் கேட்பது? இந்த நான்குக்கும் பதிலை எழுதுங்கள். அதற்கு மேல் உள்ளதெல்லாம் இரண்டாம் பட்சம். பிறகு ஒரு ஏ4 தாளை எடுங்கள். அதன் அளவு 21 சென்ரிமீற்றருக்கு 29.7 சென்ரிமீற்றர். இரண்டு தடவை மடித்தால் நான்கு சிறு பக்கம் கிடைக்கும். ஒவ்வொன்றும் ஒரு நோட்டீஸ். 100 தாள் பிரதி எடுத்தால் 400 நோட்டீஸ் வரும். மடித்த தாளிலேயே எது எங்கே வரவேண்டும் என்று பென்சிலால் கட்டம் போட்டுப் பாருங்கள். நான்கு ஓரமும் ஒரு சென்ரிமீற்றர் வெறுமையாக இருக்கட்டும். போட்டோ கொப்பி இயந்திரம் தாளின் விளிம்பு வரை அடிக்காது.

2. ஒன்றுதான் பெரிதாக இருக்கணும்

எல்லா எழுத்தும் தடிப்பாக இருந்தால் எதுவும் கண்ணில் படாது. பொருளின் பெயர் மிகப் பெரியது, விலை அடுத்தது, மற்றவை சிறியவை. சிறிய எழுத்தும் 12 புள்ளிக்குக் குறையாமல் இருந்தால் வயதானவர்களும் வாசிப்பார்கள். தமிழில் விசிறி மேலே ஏறும், "கு", "டு" போன்றவை கீழே இறங்கும். ஆகவே வரிகளை நெருக்காமல் இடைவெளி விடுங்கள். நமது சொற்கள் நீளமானவை. ஒடுக்கமான பத்தியில் இரு பக்கமும் சமப்படுத்தினால் நடுவில் ஓட்டை ஓட்டையாக வெள்ளை விழும். இடது பக்கம் மட்டும் நேராக நிறுத்துங்கள்.

3. படமும் நிறமும்

பொருளைப் பகல் வெளிச்சத்தில், நேர் வெயில் படாமல், வெள்ளைத் துணி விரித்து படம் எடுங்கள். வட்ஸ்அப்பில் கைமாறி வந்த படத்தை அச்சுக்குக் கொடுக்க வேண்டாம், அதில் தெளிவு குறைந்திருக்கும். போனில் எடுத்த மூலப் படத்தையே கொடுங்கள். கறுப்பு வெள்ளையில் பிரதி எடுப்பதானால் மஞ்சள் எழுத்து மங்கிப்போகும்.

4. எழுத்துரு மாறினால் ஆபத்து

பாமினி எழுத்துருவில் தட்டெழுதிய கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்தும் குறியுமாகத் தெரியும். யுனிகோட் தமிழில் எழுதி, பீ.டீ.எஃப். ஆக மாற்றி எடுத்துப் போனால் இந்தத் தொல்லை குறையும்.

5. சிங்களமும் வேண்டும்

டவுனில் வாங்க வருபவர்களில் சிங்களம் பேசுபவர்கள் பலர். பெயர், விலை, இடம் மூன்றையும் சிங்களத்திலும் போடுங்கள். அதைத் தாய்மொழியாகப் பேசும் ஒருவரிடம் காட்டித் திருத்திய பிறகே அச்சுக்குக் கொடுங்கள்.

6. லேபலில் கவனம்

உணவுப் பொருளுக்கு 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் உண்டு. நிறை, சேர்ந்த பொருட்கள், உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, விலை, செய்தவரின் முகவரி ஆகியவற்றுக்கு லேபலில் முதலிலேயே இடம் ஒதுக்குங்கள். சரியான விதிகளைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தேயிலைச் சபையின் சிங்கச் சின்னத்தை அழகுக்காக யாரும் போடக்கூடாது. இலங்கையிலேயே பொதி செய்த, நூறு வீதம் இலங்கைத் தேயிலைக்குத்தான், அதுவும் சபையின் அனுமதியுடன், அது உரியது.

7. அச்சுக்கு முன் மூன்று சோதனை

நோட்டீசைப் பிரட்டுக்களச் சுவரில் ஒட்டிப் பத்தடி தள்ளி நில்லுங்கள். பொருளின் பெயரும் விலையும் தெரிய வேண்டும். அடுத்து, அதைப் பார்த்திராத ஒருவரிடம் ஐந்து எண்ணும் வரை காட்டிவிட்டு மறையுங்கள். "என்ன விக்கிறாங்க, எவ்வளவு?" என்று கேளுங்கள். அவர் தடுமாறினால் குறை அவரிடம் இல்லை, பக்கத்தில்தான். கடைசியாக, அதில் உள்ள தொலைபேசி இலக்கத்தை வேறொரு போனிலிருந்து பார்த்து அழுத்தி எடுங்கள். ஒரு இலக்கம் பிழைத்தால் 400 நோட்டீசும் குப்பைதான். மாதிரிப் பிரதியில் "சரி" என்று கையெழுத்து வைத்துவிட்டால் பிறகு அச்சகத்தாரைக் குறைசொல்ல வழியில்லை.

தாய்மார்களே, தம்பி தங்கைகளே! வருகிற சங்கக் கூட்டத்துக்கு ஆளுக்கொரு பழைய நோட்டீசோ லேபலோ கொண்டு வாருங்கள். மேலே சொன்ன சோதனைகளை அதில் செய்து பார்ப்போம். பொருளைச் செய்யும் கைக்கே அதன் விலையைச் சொல்லும் உரிமையும் உண்டு. அந்த விலை வாங்குபவரின் கண்ணில் படும்படி எழுதவும் நாம் பழகிக்கொள்வோம்.