கடைச் சைக்கிளா, செய்வித்த சைக்கிளா?

1990களின் பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லாத வன்னியில் சைக்கிளே லொறியாகவும் அம்புலன்ஸாகவும் ஓடியது. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் மீண்டும் அதன் அருமை தெரிந்தது. 1984இல் இடம்பெயர்ந்து, போருக்குப் பின்னரே ஊர் திரும்ப முடிந்த கொக்கிளாய் மக்களுக்கு இன்றும் அது தொழிற்கருவிதான். ஆகவே, கடையில் உள்ளதை வாங்குவதா, தேவைக்கேற்பச் செய்விப்பதா என்பது வருமானத்தோடு சேர்ந்த கேள்வி.

மீன் வியாபாரிக்கு என் பதில்: கடைச் சைக்கிளை வாங்குங்கள், கரியரை மட்டும் செய்வியுங்கள். லுமாலா போன்ற வழமையான 28 அங்குலச் சைக்கிளுக்கு ரயர், ரியூப், செயின் எல்லாம் சாதாரண சைக்கிள் கடையிலேயே கிடைக்கும். உப்புக்காற்றும் மணலும் செயினையும் ரிம்மையும் தின்னும் கரையோரத்தில் இது பெரிய விடயம். பெட்டி வைக்கும் கனமான கரியரைச் சட்டத்தோடு வெல்டிங் செய்ய விடாதீர்கள். சைக்கிள் குழாய் மெல்லியது. அதிக சூட்டில் ஒட்டின் அருகே பலமிழக்கும், வர்ணமும் எரிந்துபோகும்; துரு அங்கேதான் தொடங்கும். நட்டுப் போட்டு இறுக்கும் கரியர் போதும், பழுதானால் கழற்றி மாற்றலாம்.

போரில் காயப்பட்டவர்களின் நிலை வேறு. முழங்காலுக்குக் கீழ் செயற்கைக்கால் பொருத்திய பலர் சாதாரண சைக்கிளே ஓடுகிறார்கள். பாரைத் தாண்டிக் கால் போட முடியாதவருக்கு லேடீஸ் சைக்கிள் சுலபம், ஆனால் அதில் பாரம் ஏற்றினால் சட்டம் ஆடும். முழங்கால் முழுதாக மடியாதவர் அந்தப் பக்கத்துப் பெடல் தண்டை மாற்றலாம். 170 மில்லிமீற்றர் தண்டில் பாதம் 340 மில்லிமீற்றர் மேலும் கீழும் போகும். 130க்குக் குறைத்தால் 260தான். ஒரு தண்டை மாற்றும் இந்தச் சிறு வேலைக்காக முழுச் சைக்கிளையும் புதிதாகச் செய்விக்கத் தேவையில்லை.

கையால் சுற்றும் மூன்று சக்கர வண்டியில் மட்டும் அளவெடுப்பதை விட்டுக்கொடுக்கக் கூடாது. முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவருக்கு இடுப்புக்குக் கீழ் உணர்வு இருக்காது. இருக்கை பொருந்தாவிட்டால் வலியே தெரியாமல் புண் வரும், அது கிருமித்தொற்றாகி உயிரையும் எடுக்கும். சக்கர நாற்காலிகள் பற்றிய உலக சுகாதார நிறுவனத்தின் 2008 வழிகாட்டியும் உடலுக்குப் பொருந்துவதையும், உள்ளூரில் திருத்த முடிவதையும் வலியுறுத்துகிறது. விழா வைத்து எல்லோருக்கும் ஒரே அளவில் வண்டி கொடுப்பவர்கள் இதைக் கவனிப்பது குறைவு.

எனவே வெளிநாட்டு உறவுகள் காசு அனுப்பும் முன் பாவிப்பவரிடமே நான்கு விடயம் கேட்க வேண்டும். இடுப்பின் அகலம், கையின் நீளம், வீட்டுப் படலையின் அகலம், அவர் ஓடும் பாதை மணலா தாரா என்பது. வண்டி செய்பவரிடம் ஒன்று: இதற்குப் போடும் ரயர் முல்லைத்தீவில் வாங்கலாமா?