சிற்றிடத்தில் ஒரு பெருங்குடித்தனம்



களுபோவிலையின் ஒழுங்கைகளிலே, இரண்டே அறைகளில் பெருங்குடித்தனம் நடத்தும் இல்லங்கள் உண்டு. அங்கே இடம் சிறிது, ஒழுங்கோ பெரிது. கணினி உலகிலும் இத்தகைய குடித்தனம் ஒன்று உண்டு. அதுவே இன்றைய பேச்சின் பொருள்.

ஒரே மின்சுற்றுப் பலகையில் கணினி முழுவதையும் அமைத்த சிறு கருவிகள் இக்காலத்தில் மலிந்துள்ளன. 2012-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்த ராஸ்பெரி பை அவற்றுள் புகழ்பெற்றது. அதன் சேமிப்பகம் பெரும்பாலும் ஒரு சிறிய அட்டையே. லினக்ஸ் என்னும் இயங்குதளம் அவ்வட்டைக்குள் அடங்குதல் வேண்டும்.

நம் நாட்டுப் பிள்ளைகளுக்கும் இத்தகைய சிக்கனம் புதிதன்று. 2009-ஆம் ஆண்டில், உலக வங்கியின் துணையுடன், கிராமப்புறப் பாடசாலைகள் சிலவற்றுக்கு எக்ஸ்-ஓ எனப்பட்ட மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. அவற்றில் வன்தட்டு இல்லை. பலகையிலே பதித்த 1 கிகாபைற்று சேமிப்பகம் மட்டுமே இருந்தது. அதற்குள் லினக்ஸும் பிள்ளைகளின் செயலிகளும் அடங்கின.

சிற்றிடத்தில் இவ்வாறு அடக்குவது எங்ஙனம்? வழிகள் மூன்று.

முதலாவது, வேண்டாதவற்றை உள்ளே விடாமை. அச்சுப்பொறியே இல்லாத வகுப்பறைக்கு அச்சுப்பொறிச் செயலிகள் எதற்கு?

இரண்டாவது, ஒன்றைப் பலவாகப் பயன்கொள்ளல். 1990-களின் நடுப்பகுதியில் புரூஸ் பெரென்ஸ் என்பார், ஒரே நெகிழ்வட்டிலிருந்து லினக்ஸை நிறுவும் பொருட்டு பிசிபாக்ஸ் என்னும் செயலியை ஆக்கினார். கோப்பைப் பட்டியலிடுதல், படியெடுத்தல், அழித்தல் முதலிய பல கட்டளைகளை அந்த ஒரே செயலி நிறைவேற்றும். அழைக்கும் பெயருக்கேற்ப அது தன் தொழிலை மாற்றிக்கொள்ளும். ஒரே அம்மியில் மிளகாயும் தேங்காயும் அரைபடுதல் போன்றது இது.

மூன்றாவது, சுருக்கி வைத்தல். பகலில் பாயைச் சுருட்டிச் சுவரோரம் சாத்தி, இரவில் விரிக்கிறோம் அல்லவா? அவ்வாறே கோப்புகள் சுருக்கிய நிலையில் கிடந்து, வேண்டும்போது விரிவடையும். விரிப்பதற்குச் சிறிது நேரம் செல்லும். இடத்தின் விலை அதுவே. இவ்வாறு சுருக்கியவற்றைப் படிப்பதற்கு மட்டும் திறந்து, எழுத இடங்கொடாது வைப்பதும் உண்டு. அப்பொழுது மின்சாரம் திடீரெனத் தடைப்பட்டாலும் அவை சிதைவதில்லை. 2022-இன் நீண்ட மின்வெட்டுகளைக் கண்ட நமக்கு இதன் அருமை விளங்கும்.

ஆயினும், எச்சரிக்கை ஒன்று உண்டு. இடம் போதாதவிடத்து, ஆங்கிலம் ஒழிந்த மொழிக் கோப்புகளையும் எழுத்துருக்களையும் முதலில் நீக்கிவிடுவது பலருக்கு வழக்கம். தமிழும் சிங்களமும் அங்கே மிகையான சரக்காக எண்ணப்படுகின்றன. பின்னர் பிள்ளை தன் பாடத்தைத் திறந்தால், எழுத்துக்குப் பதிலாக வெறுங் கட்டங்களே திரையில் தோன்றும். ஒரு தமிழ் எழுத்துரு பெரும்பாலும் சில நூறு கிலோபைற்றுக்குள் அடங்குவது. ஒரு நிழற்படம் அதனினும் மிகுதியான இடத்தைக் கொள்ளும். இச்சிறு மீதத்துக்காகப் பிள்ளையின் மொழியை இழக்கலாமா?

வீடு சிறிதென்று நாம் வேண்டாத தட்டுமுட்டை வெளியேற்றுகிறோம். வீட்டுப் பிள்ளையை வெளியேற்றுவதில்லை. ஆதலின், கோப்பொன்றை அழிக்குமுன், அதன் அளவை மட்டும் நோக்காது, அது யாருக்குப் பயன்படுவது என்பதையும் வினவுதல் வேண்டும். கருவி எதன்பொருட்டு அமைந்ததோ, அதற்கு இன்றியமையாததை முதலில் வைத்து, எஞ்சிய இடத்தையே பிறவற்றுக்கு ஒதுக்குதல் முறையாகும்.