குரங்கு கதவைத் தட்டும் ஓட்டல்!
கட்டடத்தை மூடி வளர்ந்த காடு

இலங்கையின் நடுப்பகுதியில் இருக்கிறது தம்புள்ளை நகரம். கண்டியில் இருந்து யாழ்ப்பாணம் செல்லும் சாலையும், திருகோணமலைக்குச் செல்லும் சாலையும் சந்திக்கும் இடம் அது. பெரிய காய்கறி மொத்தச் சந்தையும் அங்கே உண்டு. இரவிலும் லாரிகள் வந்தபடி இருக்கும். ஒரே கூச்சல்!

அங்கிருந்து சுமார் 10 கிலோமீட்டர் சென்றால் கூச்சல் அடங்கிவிடுகிறது. கண்டலம ஏரி கண்ணுக்குத் தெரிகிறது. ஏரிக்கரை மலைச்சரிவில் ஓர் ஓட்டல் இருக்கிறது. ஆனால், தூரத்தில் இருந்து பார்ப்பவர்கள் அதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அவ்வளவு செடியும் கொடியும் அதை மூடி இருக்கின்றன.

வக்கீல் கட்டிய ஓட்டல்

இதைக் கட்டியவர் ஜெப்ரி பாவா (1919-2003). முதலில் வக்கீலாக இருந்து, பிறகு கட்டடக் கலை படித்தவர்.

புகழ் பெற்ற சிகிரியா குன்றின் அருகே ஓட்டல் கட்டலாம் என்று முதலில் யோசனை சொன்னார்கள். பாவா சம்மதிக்கவில்லை. பழமையான குன்றின் காலடியில் புதுக் கட்டடம் கூடாது என்பது அவர் எண்ணம். ஹெலிகாப்டரில் பறந்து சுற்றிப் பார்த்தார். ஏரிக்கு இந்தப் பக்கம் உள்ள மலைச்சரிவைக் காட்டி, "இங்கேதான்" என்றார்.

மக்கள் எதிர்ப்பு

கட்டட வேலை பற்றிய செய்தி பரவியதும் பெரும் எதிர்ப்பு கிளம்பியது. கிராம மக்களும் புத்த பிட்சுகளும் 1992-ல் திரண்டு போராடினார்கள்.

அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. அந்த ஏரி வயலுக்குத் தண்ணீர் தருவது. ஓட்டலின் கழிவுநீர் அதில் கலந்தால் என்ன ஆவது? காட்டை அழித்தால் மழைநீர் எப்படி வரும்?

பாறையே சுவர்

ஓட்டல் 1994-ல் திறக்கப்பட்டது. அறைகள் 152. ஒரு கோடியில் இருந்து மறு கோடி வரை ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்!

ஆனால், மலையைத் தகர்த்துத் தரைமட்டம் ஆக்கவில்லை. மலை வளைந்த இடத்தில் கட்டடமும் வளைகிறது. நடைபாதைக்குள் பாறை எட்டிப் பார்க்கிறது. கட்டடத்தைத் தூண்கள் தாங்கி நிற்கின்றன. மழைநீர் அடியில் ஓடி ஏரிக்குப் போகிறது. காட்டுப் பிராணிகளுக்கும் அதுவே வழி.

கழிவுநீரை ஏரியில் விடுவதில்லை. சுத்தம் செய்து, செடிகளுக்குப் பாய்ச்சுகிறார்கள். 2000-ம் ஆண்டில் அமெரிக்கப் பசுமைக் கட்டட மன்றத்தின் சான்றிதழ் இந்த ஓட்டலுக்குக் கிடைத்தது.

அழையாத விருந்தாளி

இங்கே தங்க வருபவர்கள் குகை போன்ற வழியாக நுழைகிறார்கள். நுழைந்ததும் எதிரே ஏரி! தூரத்தில் சிகிரியா குன்று. மாடிப்படிக்கு மேலே ஒரு பிரமாண்டமான ஆந்தை சிறகை விரித்து நிற்கிறது. பயப்பட வேண்டாம். அது லக்கி சேனநாயக்க என்ற கலைஞர் உலோகத்தில் செய்த சிற்பம்.

நடைபாதைக்கு ஜன்னலும் இல்லை, குளிர்சாதனமும் இல்லை. ஏரிக் காற்றே போதும்.

அறைக்கு வந்ததும் கதவைத் தாழிட வேண்டும். திருடனுக்காக அல்ல, குரங்குக்காக! மறந்தால், மேஜை மேல் வைத்த பழம் மிஞ்சாது. குழந்தைகள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம்; குரங்குக் குட்டிகள் அந்தப் பக்கம். யார் யாரை வேடிக்கை பார்க்கிறார்கள் என்றே தெரியாது!

யாருக்குச் சொந்தம்?

பணம் கொடுத்துத் தங்குபவர்கள் இரண்டு நாளில் ஊர் திரும்பிவிடுவார்கள். ஏரியை நம்பி வாழ்பவர்கள் எங்கும் போக முடியாது. அன்று அவர்கள் எழுப்பிய கேள்வியை ஓட்டல் என்றும் மறக்கக் கூடாது.

தண்ணீர் கெட்டால் வயலுக்கு நஷ்டம். வயலுக்கு மட்டுமா? அந்த ஏரியைப் பார்க்கத்தானே விருந்தினரும் வருகிறார்கள்!