தலைகுந்தாவுக்குத் தெரிந்தது பிரீமியத்துக்குத் தெரியவில்லை

ஊட்டியிலிருந்து மசினகுடிக்குக் கல்லட்டி வழியாக இறங்கினால் 36 கொண்டை ஊசி வளைவுகள். 2018 அக்டோபரில் சென்னையிலிருந்து வந்த கார் ஒன்று அங்கே பள்ளத்தில் உருண்டு உயிர்கள் பறிபோன பிறகு, வெளியூர் வண்டிகள் அந்தச் சரிவில் இறங்கக் கட்டுப்பாடு வந்தது. தலைகுந்தா சோதனைச்சாவடியில் நிற்பவர் எண் பலகையைத்தான் பார்க்கிறார். டி.என். 43 என்றால் உள்ளூர் வண்டி. இது கச்சிதமான அளவுகோல் அல்ல. உள்ளூர்ப் பதிவெண் கொண்ட காரை மலையே ஏறாதவரும் ஓட்டலாம். ஆனாலும் கேட்கப்படும் கேள்வி சரியானது: இந்தச் சாலை ஓட்டுபவருக்குப் பழக்கமா? நம் கார் இன்சூரன்ஸும் பதிவைப் பார்க்கிறது. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

2002-ல் வந்த இந்திய மோட்டார் கட்டண விதிகள், தனியார் கார்களுக்காக நாட்டை இரண்டாகப் பிரித்தன. சென்னை, பெங்களூரு, மும்பை உள்ளிட்ட எட்டுப் பெருநகரங்கள் ‘ஏ’ மண்டலம், மிச்சமெல்லாம் ‘பி’. சொந்த வண்டிச் சேதத்துக்கான கட்டணத்தை நிறுவனங்களே முடிவு செய்யலாம் என்று 2007 ஜனவரி 1 முதல் ஆன பிறகும் இந்தப் பிரிவினை மறையவில்லை. சென்னையில் பதிவான கார் வருடம் முழுக்கக் குன்னூர் எஸ்டேட் சாலையில் ஓடினாலும் ‘ஏ’. ஊட்டியில் பதிவான கார் அண்ணா சாலை நெரிசலிலேயே கிடந்தாலும் ‘பி’. ஐந்து வயது தாண்டாத, 1000 சி.சி.க்கு உட்பட்ட காருக்கு அந்த விதிகள் வைத்த விகிதம் ‘ஏ’யில் 3.127 சதவீதம், ‘பி’யில் 3.039. ஐந்து லட்ச ரூபாய் மதிப்புள்ள காருக்கு வித்தியாசம் 440 ரூபாய்தான். தொகை சிறியது என்பது உண்மை. ஆனால் காரின் வயது, என்ஜின் அளவு, மதிப்பு, பதிவான ஊர் என்று இரும்பைப் பற்றியே விசாரிக்கும் ஒரு முறையின் மனப்போக்கு அதில் தெரிகிறது.

ஓட்டுபவரின் நிதானத்துக்கு வெகுமதி என்று சொல்லிக்கொள்வது ‘நோ க்ளெய்ம் போனஸ்’ ஒன்றுதான். க்ளெய்ம் கேட்காத முதல் ஆண்டுக்கு 20 சதவீதம், ஐந்து ஆண்டுகளில் 50 சதவீதம் வரை தள்ளுபடி. ஒருமுறை க்ளெய்ம் கேட்டால் பொதுவாக மொத்தமும் போய்விடும். தப்பு யார் மேல் என்று அது கேட்பதில்லை. தென்மேற்குப் பருவமழையில், ஓரமாக நிறுத்திய காரின் மேல் கற்பூர மரம் சாய்ந்தாலும் போனஸ் போச்சு. மண்சரிவும் பாறைச்சரிவும் பாலிசியிலேயே இழப்பீட்டுக்கு உரியவையாக எழுதப்பட்டிருக்கின்றன. அந்த இழப்பீட்டை வாங்கினால் அடுத்த ஆண்டு தண்டம். வளைவில் முந்திச் சென்று எதிரில் வருபவரைப் பதறவைப்பவரோ, எதிலும் மோதாத வரை பாதித் தள்ளுபடியோடு வலம் வருகிறார்.

போனஸ் என்பது க்ளெய்ம் கேட்காததற்கான சலுகை, நன்னடத்தைச் சான்றிதழ் அல்ல. யார் தப்பு என்று ஒவ்வொரு வழக்கிலும் துருவினால் செலவு கூடிப் பிரீமியமும் ஏறும் என்பது நிறுவனங்கள் தரப்பு வாதம். இரண்டு கார்கள் மோதிய வழக்கில் இதை ஏற்கலாம். மரம் விழுந்த வழக்கில் துருவ என்ன இருக்கிறது? பெரிய சேதம் என்றால் சர்வேயர் வந்து பார்த்து, காரணத்தை எழுதித்தான் அறிக்கை தருகிறார். போனஸைக் காக்கத் தனி ‘ஆட்-ஆன்’ இருக்கிறதே என்றால், தான் செய்யாத தப்புக்கு முன்கூட்டியே பணம் கட்டச் சொல்வதுதான் அது.

ஆபத்தைத் துல்லியமாக அளக்கப் போனால் மலைக்காரர்கள்தான் அதிகம் கட்ட நேரும், உள்ளதைக் கெடுப்பானேன் என்ற கேள்வி இதைவிடக் கனமானது. இதற்கு விடை, எதை அளப்பது என்பதில் இருக்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கிய மூன்றாம் நபர் காப்பீட்டில், 1000 சி.சி.க்கு உட்பட்ட காருக்கு 2022 ஜூன் முதல் அறிவிக்கப்பட்ட 2,094 ரூபாய், கோத்தகிரிக்கும் சென்னைக்கும் ஒன்றுதான். எல்லோரும் வாங்கியே தீர வேண்டியதற்கு ஊர் பார்த்து விலை வைக்காதது நியாயமே. சொந்தச் சேதக் காப்பீட்டில் மனிதர் மாற்றிக்கொள்ளக் கூடியதை அளக்கலாம்: எத்தனை கிலோமீட்டர், எத்தனை விதிமீறல், தன் தப்பால் எத்தனை விபத்து. அதே 1988-ல் கலிபோர்னியா வாக்காளர்கள் நிறைவேற்றிய சட்டமும், ஓட்டிய வரலாறு, தூரம், அனுபவம் ஆகியவற்றுக்கே முகவரியைவிட முதலிடம் தந்தது.

இங்கும் வாசல் திறந்துதான் இருக்கிறது. ஓடும் தூரத்தையும் ஓட்டும் விதத்தையும் வைத்துக் கட்டணம் வாங்க 2022 ஜூலையில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. அனுமதித்தது. வண்டியில் கருவி வைத்து வேவு பார்ப்பதா என்ற தயக்கம் நியாயமானது. அதனால் அது விருப்பத் தேர்வாகவே இருக்க வேண்டும். இன்னொரு சிக்கல், சமவெளிக்காகச் செய்த கணக்கு மலையைத் தப்பாகப் படிக்கும். அடிக்கடி திருப்புவதும் பிரேக் பிடிப்பதும் நெடுஞ்சாலையில் குற்றம், பர்லியாறு மலை இறக்கத்தில் கட்டாயம். ஒரே சாலையில் ஓடுபவர்களோடுதான் ஒருவரை ஒப்பிட வேண்டும். விதிமீறலும் ஓட்டுநர் உரிமத்தில் ஏற வேண்டும். சுற்றுலா டாக்ஸி டிரைவர் செய்ததற்கு முதலாளியின் ஆர்.சி. பொறுப்பாகாது.

அதெல்லாம் வரக் காலம் பிடிக்கலாம். முதல் திருத்தத்துக்குக் கருவியோ புதுச் சட்டமோ தேவையில்லை. சர்வேயர் ஏற்கெனவே எழுதிவைத்த ‘மரம் விழுந்தது’ என்ற இரண்டு சொற்களை, அடுத்த ஆண்டு பிரீமியத்தைக் கணக்கிடும் கம்ப்யூட்டர் படித்தால் போதும்.