படக்கருவி ஏந்தும் பிள்ளைகள்

தொலைக்காட்சியில் தொழில் பார்ப்பது என்றதும் நம் பிள்ளைகள் பலரின் மனக்கண்முன் தோன்றுவது செய்தி வாசிப்பவரின் முகம் ஒன்றேயாகும். அம்முகத்துக்கு ஒளி அமைத்தவர் யார், அக்குரல் தெளிவாகக் கேட்கும்படி ஒலியை அளந்தவர் யார், எந்தக் கணத்தில் எந்தக் காட்சி வரவேண்டுமெனப் பணித்தவர் யார் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை. எண்ணும்படி நாமும் தூண்டுவதில்லை. ஐந்து நிமிடச் செய்தியறிக்கைக்குப் பின்னே ஒளிப்பதிவாளர், ஒலிப்பதிவாளர், படத்தொகுப்பாளர், தயாரிப்பாளர், பொறியியலாளர் என ஒரு சிறு படையே நிற்கிறது. முகம் காட்ட நாணும் பிள்ளைக்கும் அப்படையில் இடமுண்டு. இதனை வாயாற் சொன்னாற் போதாது. கையாற் செய்வித்தே உணர்த்த வேண்டும்.

இலங்கையில் தொலைக்காட்சி 1979இல் தொடங்கிற்று. 1982 பெப்ரவரியில் ஜப்பானிய உதவியுடன் ரூபவாஹினி ஒளிபரப்பை ஆரம்பித்தது. இத்தொழிலுக்கு வேண்டியவரைப் பழக்குவதற்கென 1984இல் ஜெர்மன் உதவியோடு இலங்கைத் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் கொழும்பில் அமைந்தது. நல்லதே. ஆயினும் மன்னாரிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 300 கிலோமீற்றர். போரிற் சிதைந்த தலைமன்னார்ப் புகையிரதப் பாதை 2015இல் மீண்டும் திறக்கப்பட்டதாயினும், இன்னதென்று அறியாத தொழிலைத் தேடி எந்தப் பிள்ளை அவ்வண்டியில் ஏறும்? பட்டறைதான் பிள்ளையைத் தேடி வரவேண்டும்.

மன்னார்த் தீவுக்கு இன்னொரு விந்தையும் உண்டு. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி முப்பது கிலோமீற்றர் அளவே. இராமேஸ்வரத்துத் தொலைக்காட்சிக் கோபுரமோ 323 மீற்றர் உயரம். அயலார் படங்களைப் பார்த்து வளர்வது இத்தீவின் பிள்ளைக்கு எளிது. தன் ஊரைத் திரையிற் காண்பதே அரிது. கண்டபோதும் பெரும்பாலும் துன்ப காலத்திலேயே கண்டது. 1990இல் முஸ்லிம் மக்கள் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டமை, 2009 வரை நீண்ட போர், இடம்பெயர்ந்தோர் முகாம்கள்: இவை யாவும் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தவர்கள் எடுத்துச் சென்ற படங்கள்.

ஊர்ப்பிள்ளை எடுத்தால் படம் வேறாகுமோ என்று சிலர் ஐயுறலாம். 1966இல் அமெரிக்காவின் அரிசோனாவில், சொல் வோர்த், ஜான் அடேர் என்னும் இரு ஆய்வாளர் நவஹோ பழங்குடியினர் சிலருக்குப் படக்கருவியை இயக்கக் கற்பித்து, எதைப் படமாக்குவது என்பதை அவர்களிடமே விட்டனர். நெசவைப் பற்றி எடுத்த படத்தில், தறிமுன் நெய்யும் காட்சியை விட ஆட்டு மயிரையும் சாயத்துக்கான செடிகளையும் தேடி நடக்கும் காட்சிகளே மிகுந்திருந்தன. வெளியார்க்கு அது வீண் நடையாகத் தோன்றலாம். நெய்பவளுக்கோ அந்நடையும் நெசவே. மன்னார்ப் பிள்ளை மீன்பிடியைப் படமாக்கினாலும் இப்படித்தான். வெளியூரார் வலையில் மீன் துள்ளும் கணத்தை எடுப்பார். வலை பொத்துவதையும், எரிபொருள் விலையைக் கணக்குப் பார்ப்பதையும், காற்று தணியுமாவென்று தந்தை வாசலில் நின்று பார்ப்பதையும் வீட்டுப் பிள்ளையே அறியும்.

இனி, பட்டறை எவ்வாறிருத்தல் வேண்டும்? பள்ளிமுனையிலுள்ள பெருக்கமரத்தை எடுத்துக்கொள்வோம். சுற்றளவு 19 மீற்றருக்கு மேல். உயரமோ ஏழரை மீற்றர் அளவு. மாணாக்கர் முதலில் எடுக்கும் படத்தில் அஃது ஏதோ ஒரு குட்டை மரமாகவே தோன்றும். அருகே ஆறு வயதுக் குழந்தை ஒன்றை நிறுத்தி மீண்டும் எடுக்கச் சொல்லுங்கள். மரம் திடீரென மலையாகிவிடும்! திரையில் எதுவும் தன் அளவைத் தானே சொல்லாது, பக்கத்தில் நிற்பதே சொல்லும் என்னும் பாடம் பத்து நிமிடத்தில் முடிந்தது.

ஒலிக்கு ஆசிரியர் சோழகக் காற்றுத்தான். தீவின் தென்கரையில் தம்பபவனியின் 30 காற்றாலைகளைச் சுழற்றும் அக்காற்று, கைப்பேசியின் ஒலிவாங்கியிற் புகுந்தால் பேசியவர் குரல் ஒன்றும் கேளாது, புயலிரைச்சலே கேட்கும். முதுகைக் காற்றுக்குக் காட்டி நிற்பதும், ஒலிவாங்கிக்குப் பஞ்சுறை இடுவதும், வள்ளத்தின் மறைவிற் பேசவைப்பதும் அதன்பின் எவரும் சொல்லாமலே வந்துவிடும். உச்சி வெயிலில் எடுத்த முகத்தில் கண்கள் இரு குழிகளாகத் தெரிவதைக் கண்டவன், மறுநாள் காலை ஆறரைக்கே கரையில் நிற்பான். வங்காலைச் சதுப்பில் பூநாரையைக் கிட்டப்போய் எடுக்க முயன்றவன், அவை பறந்தபின் பொறுமையைக் கற்பான்.

இதற்குப் பெருங்கலையகம் தேவையில்லை. நான்கு கைப்பேசிகள், ஒரு முக்காலி, ஒரு கணினி, இருபது பிள்ளைகள் போதும். ஆனால் ஒவ்வொருவரும் எல்லா வேலைகளையும் மாறிமாறிச் செய்தாக வேண்டும். இல்லையேல் வாயாடி வாசிப்பாளராவான், அமைதியானவன் கம்பி சுற்றுவான். இங்கிலாந்தில் பி.பி.சி. 2007இல் 11 முதல் 14 வயது மாணவரைக் கொண்டு பாடசாலைகளிலேயே செய்தி தயாரிக்கச் செய்தபோது, குறித்த நேரத்துக்குள் முடித்தாக வேண்டும் என்ற விதியையும் வைத்தது. நம் பட்டறைகள் பலவற்றிலோ விளக்கேற்றல், வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடை என்பன முடியவே நண்பகலாகிவிடுகிறது. பிற்பகலில் சான்றிதழுக்குப் புகைப்படம். பிள்ளை கருவியைத் தொட்டதேயில்லை.

கருவியை அணைக்கவும் கற்பிக்க வேண்டும். காணாமற்போன மகனைத் தேடும் தாய்மார் இம்மாவட்டத்தில் இன்றும் உள்ளனர். அவர் அழும்போது கிட்டக் காட்சிக்கு நகர்வதா, கருவியைத் தாழ்த்துவதா? இதற்கு விடை எந்தக் கையேட்டிலும் இல்லை. கேட்டு அனுமதி பெற்ற பின்னும், எடுத்ததை அவருக்குக் காட்டி, வேண்டாமென்றால் அழித்துவிடும் பழக்கம் பதினைந்து வயதிலேயே வரவேண்டும்.

பெற்றோர் கேட்பது, இதனாற் சோறு கிடைக்குமா என்பதே. நியாயமான கேள்வி. நிலையங்களில் வேலைகள் சில. தமிழில் இன்னும் சில. ஆனால் படத்தொகுப்பும் ஒலிப்பதிவும் அறிந்தவருக்குத் தொலைக்காட்சி நிலையம் மட்டுமே வாயிலன்று. திருமண வீடுகள் முதல் இணையப் பாடங்கள் வரை அக்கைகள் வேண்டப்படுகின்றன. க.பொ.த. உயர்தரத்தில் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் ஒரு பாடமாக உள்ளது. யாழ்ப்பாணம், களனி ஆகிய பல்கலைக்கழகங்களில் இத்துறையிற் பட்டம் பெறலாம். பெண்பிள்ளை கருவி சுமப்பதா என்று தயங்குவோருக்கு ஒன்று சொல்வோம்: கடற்கரையில் மீன்கூடை சுமக்கும் பெண்களை நாம் அப்படிக் கேட்டதில்லை.

கடைசி நாள் மாலையில், எடுத்த படங்களை எடுத்த கரையிலேயே வெள்ளை வேட்டி கட்டித் திரையிட வேண்டும். ஊரார் சிரிப்பர், பெயர் சொல்லிக் கூவுவர். யாரேனும் ஒரு முதியவர் எழுந்து, “தம்பி, நீ பாரை எண்டு சொல்லுறது பாரையில்லை, கட்டா” என்பார். அன்றிரவே அவ்விடத்தை வெட்டித் திருத்த வேண்டியவள், படத்தொகுப்புக்குப் பொறுப்பாயிருந்த மாணவி.