உங்களுக்குத் தெரியுமா? நரம்பு பாதிப்பால் வரும் தசை இறுக்கம்

பக்கவாதம், தண்டுவடக் காயம் போன்றவற்றில் கைகால் விறைத்துப்போவது தசையின் கோளாறு அல்ல. தசையை அடக்கிவைக்கும் மூளையின் கட்டளை தடைபடுவதே காரணம்.

● விறைத்த கையை வெடுக்கென்று இழுத்தால் இறுக்கம் கூடும். மெல்ல நீட்டினால் இளகும்.

● இறுக்கம் திடீரென அதிகரித்தால் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், படுக்கைப்புண், சதைக்குள் வளர்ந்த நகம் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். உணர்ச்சியற்ற உடல் தன் தொந்தரவை இப்படித்தான் தெரிவிக்கும்.

● தசை இறுக்கத்துக்குப் பரவலாகத் தரப்படும் பாக்லோஃபென் மருந்து, 1962-இல் வலிப்பு நோய்க்காக உருவாக்கப்பட்டது. மருத்துவரைக் கேட்காமல் அதை ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்பே வரலாம்!

● இறுகிய தசையைத் தளர்த்தப் போடும் போட்டுலினம் ஊசியின் பலன் ஏறக்குறைய 3 மாதம் நிற்கும்.

● காலின் விறைப்பையே பிடிமானமாகக் கொண்டு எழுந்து நிற்பவர்களும் உண்டு. எனவே எவ்வளவு தளர்த்துவது என்பதை அவர்களையும் கேட்டே முடிவுசெய்ய வேண்டும்.